பொய் ஒட்டு

எங்கள் வீட்டில் இரண்டு கட்டில்கள் இருந்தன. ஒன்றில் அண்ணனும் அண்ணியும் படுத்தார்கள். இன்னொன்றில் அண்ணனின் கீபோர்டு கிடந்தது, மேலே ஒரு பழைய சாட்டின் துணியைப் போர்த்திக்கொண்டு. அம்மாவும் நானும் தரையில் பாய் விரித்துக்கொள்வோம். வந்தவர்கள் யாராவது கேட்டால், "தரையில படுத்தாத்தான் எங்களுக்குத் தூக்கம் வரும்" என்று அம்மா சொல்லிவிடுவார்.

ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் தகரக் கூரை போட்ட பலகை வீடு அது. கோலா கங்சாருக்குப் பக்கத்தில் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தை எழுபதுகளின் கடைசியில் துண்டு துண்டாக விற்றார்கள். லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னதும், ஒரு லோரியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு ஈப்போவுக்கு வந்தோம். அப்பா அதற்கு முன்பே இறந்திருந்தார். எனக்கு அப்போது பதினான்கு வயது, அண்ணனுக்கு இருபது. அவன் ஒரு பலகைக் கடையில் மரம் ஏற்றும் வேலைக்குப் போனான். அம்மாவுக்குப் பள்ளிக்கூடம் கூட்டும் வேலை கிடைத்தது. நான் மூன்றாம் படிவத்தோடு நின்று, பதினேழு வயதில் வானொலிப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தேன். நாள் முழுவதும் ஈயத்தை உருக்கி ஒட்டு வைப்பதுதான் எனக்கு வேலை. இடது கையில் ஈயக் கம்பி, வலது கையில் சூட்டுக்கோல். ஒரு நாளைக்கு எத்தனை நூறு ஒட்டு வைத்திருப்பேனோ.

அண்ணன் சனி, ஞாயிறுகளில் கல்யாணங்களுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் வாசிக்கிற ஐந்து பேர் கொண்ட குழு ஒன்றில் சேர்ந்திருந்தான். குழுவை நடத்தியவரை எல்லாரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கீபோர்டு, ஓட்டல் ஒன்றில் வாசித்துக்கொண்டிருந்த சீனர் ஒருவர் புதிது வாங்கியபோது அண்ணனிடம் தள்ளிவிட்ட பழைய பொருள். அறுபத்தொரு கட்டைகள். அதை யாரும் தொடக்கூடாது. அம்மாகூட அந்தக் கட்டிலைச் சுற்றிக் கூட்டும்போது விளக்குமாற்றைத் தூக்கிப் பிடித்துக்கொள்வார்.

நான் தொட்டேன். எனக்கு ஒரு வாரம் காலை ஷிப்ட், மறுவாரம் மத்தியான ஷிப்ட். அண்ணி வருவதற்கு முந்தைய காலம் அது; மத்தியான ஷிப்ட் வாரங்களில் காலையில் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். சத்தத்தை நன்றாகக் குறைத்துவைத்துக்கொண்டு, வானொலியில் கேட்ட பாட்டுகளைத் தேடித் தேடி வாசிப்பேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. விரல் எங்கே போகவேண்டும் என்று காதுக்குத் தெரிந்துவிடும். முடித்ததும் சாட்டின் துணியின் மடிப்பு முன்பு இருந்தது போலவே இருக்கிறதா என்று பார்த்துப் போர்த்துவேன். ஏறக்குறைய ஒரு வருடம் இப்படி ஓடியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குழு எங்கள் வீட்டில் ஒத்திகைக்குக் கூடியது. அண்ணன் குளிக்கப் போயிருந்தான். டிரம்ஸ் அடிப்பவர் என்னைப் பார்த்து, "கட்டையெல்லாம் வேலை செய்யுதான்னு தட்டிப் பாரு தங்கச்சி" என்றார். நான் தட்டிப் பார்த்தேன். தட்டிப் பார்த்ததோடு நிறுத்தியிருக்க வேண்டும். அவர்கள் அந்த வாரம் பயிற்சி செய்த பாட்டின் முன்னிசையை முழுதாக வாசித்துவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் அண்ணன் தோளில் துண்டோடு நிற்கிறான், தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டு.

"மச்சான், ஒன் தங்கச்சி ஒன்னைவிட நல்லா வாசிக்குதுலா!" என்றார் டிரம்ஸ்காரர். "அடுத்த கல்யாணத்துக்கு நீ ஸ்பீக்கர் தூக்கு, அது வாசிக்கட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன்தான் அதிகம் சிரித்தான்.

அவர்கள் போனபின் என்னைக் கூப்பிட்டான். கீபோர்டை வைக்கும் ஸ்டாண்டு, இரண்டு இரும்புக் குழாய்களைக் கத்தரிக்கோல் போலக் குறுக்கே பூட்டியது. "மடிக்கணும், வந்து பிடி" என்றான். நான் பிடித்தேன்.

"அங்க இல்ல. இங்க." என் கையை எடுத்து, இரண்டு குழாய்களும் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் அவனே வைத்தான். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே மடித்தான். அவசரம் இல்லாமல், பாதியில் நிறுத்தாமல். எலும்பு உடைந்த சத்தத்தை நான் கேட்டேன். அவனும் கேட்டிருப்பான்.

"பாத்துப் பிடிக்கக் கூடாதா?" என்றான்.

அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். என் கையைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். கிளினிக்குக்குப் போகும் வழியில், "குளிக்கிற எடத்துல வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லு" என்றார். அப்படியே சொன்னேன். வலது கை சுண்டுவிரல் கோணலாகவே ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு அது முழுதாக மடங்கவில்லை. நான் கீபோர்டைத் தொடவில்லை. காலையில் வீட்டில் தனியாக இருக்கும் நாட்களில் அந்த அறைக் கதவைச் சாத்தியே வைத்திருப்பேன்.

மறு வருடம் அண்ணனுக்குக் கல்யாணம் ஆனது. அண்ணி பாகான் செராய்ப் பக்கம், வயல்காட்டு ஊர். அவருடைய அப்பா அங்கே அரிசி ஆலையில் வேலை செய்தார். அண்ணி என்னைவிட மூன்று வயது மூத்தவர், மெலிந்த உடம்பு, எதையும் அழுத்தித் துடைக்கிற கை. எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு மாதத்துக்குள் ஜன்னல் கம்பிகள் வெள்ளையாயின. அவற்றின் நிறம் வெள்ளை என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். நான் மத்தியான ஷிப்டுக்குக் கிளம்பும்போது சோற்றைக் கட்டிக்கொடுப்பார். ஒரு நாள் என் விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "இது என்னா புள்ள இப்படி இருக்கு?" என்றார். குளிக்கிற இடத்தில் விழுந்த கதையைச் சொன்னேன். அவர் விரலை விடவில்லை. பிறகு உண்மையைச் சொன்னேன். அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. அன்றிலிருந்து வாரத்துக்கு இரண்டு தடவை நல்லெண்ணெயைச் சூடாக்கி அந்த விரலுக்குத் தேய்த்துவிடுவார். அண்ணனின் காலடி கேட்டால் இருவரும் பேச்சை மாற்றுவோம்.

எண்பதுகளின் நடுவில், ஒரு கல்யாணத்தில், குடித்திருந்த யாரோ ஒருவர் தன் ரோஸ் சிரப் கிளாஸைக் கீபோர்டின்மேல் வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். கிளாஸ் சரிந்தது. அண்ணன் உடனே துடைத்துவிட்டான். ஒரு மாதம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கட்டைகளின் இடுக்கில் எறும்பு வரத் தொடங்கியது. ஒரு கட்டை ஊமையானது, அப்புறம் இன்னொன்று. கடைசியில் எட்டுக் கட்டைக்கு ஒரு கட்டை பேசவில்லை. இடையிடையே மொத்தமாகவே செத்துப்போய், பின்னால் கரண்ட் ஒயர் சொருகும் இடத்தை ஆட்டினால் உயிர் வந்தது.

டவுனில் ஒரு சீனக் கடையில் காட்டினான். உள்ளே இருக்கும் போர்டையே மாற்ற வேண்டும், கோலாலம்பூரிலிருந்து வரவேண்டும், மூன்று வாரம் ஆகும் என்றார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை பெரிய கல்யாணம் ஒன்று இருந்தது. பெண் எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். பெண்ணின் அப்பா லோரிகள் வைத்திருந்தவர். மாஸ்டரிடம் இதைச் சொல்ல அண்ணனுக்குப் பயம்.

என்னிடம் நேரே கேட்கவில்லை. என் காதில் விழும்படி அம்மாவிடம் சொன்னான்: "ஃபேக்டரில நாள் பூரா இதத்தானே செய்யிறா. வீட்டுக்கு ஒரு வேலை செய்யட்டும்."

சனிக்கிழமை அரை நாள் வேலை. மத்தியானம் வந்து, தொழிற்சாலையிலிருந்து எடுத்து வந்த சூட்டுக்கோலையும் ஈயத்தையும் வைத்துக்கொண்டு அடுப்படித் தரையில் உட்கார்ந்தேன். பழைய நாளிதழை விரித்து, கீபோர்டைக் கவிழ்த்துப்போட்டு, முதுகிலிருந்த திருகாணிகளை எல்லாம் கழற்றினேன். வரிசை மாறாமல் இருக்க ஒரு தட்டில் அடுக்கினேன். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் லைட் பிடித்தார். அண்ணன் என் தலைக்கு மேலே நின்றான்.

மூடியைத் திறந்ததும் சர்க்கரை வாசனை வந்தது. உள்ளே நூற்றுக்கணக்கான எறும்புகள், பாதி செத்தவை. சிரப் வழிந்து காய்ந்த இடம் கருஞ்சிவப்பாகப் பிசுபிசுத்தது. அதற்குக் கீழே போர்டின் செம்புக் கோடுகள் பச்சை பிடித்து, இரண்டு இடத்தில் அரித்து அறுந்திருந்தன. ஒரு கோடு அறுந்தால் அந்தக் கோட்டில் கோத்திருக்கிற கட்டைகள் எல்லாம் ஊமையாகும். பின்பக்கம் கரண்ட் சொருகும் சாக்கெட்டின் கால், போர்டை விட்டுக் கழன்று ஆடிக்கொண்டிருந்தது.

"ஆவுமா ஆவாதா?" என்றான் அண்ணன்.

"ஆவும்."

"ஆவலன்னா இன்னொரு விரலு இருக்கு ஒனக்கு" என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான். இரண்டு வருடமாக அது தவறிப்போய் நடந்தது என்று எங்கள் வீட்டில் பெயர். அன்றைக்குத்தான் அவன் வாயால் சொன்னான். சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்ச் சிகரெட் பற்றவைத்தான்.

நான் வேலையைச் செய்தேன். தின்னரில் பஞ்சை நனைத்துச் சர்க்கரையைத் துடைத்தேன். பச்சையைப் பிளேடால் சுரண்டினேன். அறுந்த கோடுகளின்மேல் மெல்லிய செம்புக் கம்பி வைத்து ஈயம் விட்டேன். இரண்டும் நல்ல ஒட்டு, பளபளவென்று. கட்டைகளின் அடியிலிருந்த கறுப்பு ரப்பரை ஒவ்வொன்றாகத் துடைத்தேன். அது வரைக்கும் நேர்மையாகத்தான் செய்தேன்.

பிறகு சாக்கெட்டின் காலுக்கு வந்தேன்.

தொழிற்சாலையில் எங்களுக்கு முதலில் கற்றுத்தருவது, எப்படி ஒட்டக்கூடாது என்பதுதான். அழுக்கைச் சுரண்டாமல், ஒட்டவேண்டிய இடத்தைச் சூடாக்காமல், மேலே ஈயத்தை உருக்கிச் சொட்டவிட்டு, அது இறுகும் நேரத்தில் லேசாக ஆட்டிவிட்டால், ஒட்டியது போலத் தெரியும், ஒட்டியிருக்காது. கரண்ட் கூடப் போகும். ஆனால் சூடு ஏற ஏற, அதிர அதிர, உள்ளுக்குள் விட்டுப்போகும். அங்கே வேலை செய்த பெண்கள் நாங்கள் எல்லாரும் அதைப் பொய் ஒட்டு என்போம். பொய் ஒட்டு வைத்தவளைச் சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் நிறுத்தித் திட்டுவார். நான் ஒரு தடவைகூட அப்படி நின்றதில்லை.

சாக்கெட்டின் காலைச் சுரண்டவில்லை. ஈயத்தைச் சொட்டவிட்டேன். இறுகும்போது ஆட்டினேன்.

"ஏன் புள்ள ஆட்டுற?" என்றார் அண்ணி.

"சூடு ஆறட்டும்னுதான்" என்றேன்.

மூடிப் பூட்டி, நிமிர்த்தி, கரண்ட் கொடுத்தோம். அறுபத்தொரு கட்டைகளும் பேசின. அண்ணன் வந்து இரண்டு பாட்டு வாசித்துப் பார்த்தான். "பரவால்லையே" என்றான். அம்மா எனக்கு ஒரு முட்டை பொரித்துத் தந்தார்.

மறுநாள் காலை அண்ணன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது, அண்ணி கீபோர்டைத் துடைத்தார். மேடையில் எல்லாரும் பார்ப்பார்களே என்று. கட்டைகளின் ஓரத்தில் எப்போதோ ஒட்டிய குங்குமம் காய்ந்த துணியில் போகவில்லை. துணியின் நுனியை நனைத்துத் துடைத்தார். அண்ணன் கண்ணாடியில் அதைப் பார்த்தான். காலரைத் திருப்பிப்போட்டு இஸ்திரியைத் தொடர்ந்தான்.

கோயிலில் தாலி கட்டி முடித்து, மத்தியானம் மண்டபத்தில் விருந்து. தகரக் கூரை, கீழே ஐந்நூறு பேர், வெயில் உச்சியில். நாங்கள் நான்காவது வரிசையில் உட்கார்ந்தோம், அம்மா, அண்ணி, நான். முக்கால் மணி நேரம் கீபோர்டு நன்றாகத்தான் பாடியது. நான் கேசரி சாப்பிட்டுக்கொண்டு அதன் ஒவ்வொரு சுரத்தையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மணமக்கள் உள்ளே நடந்து வரும் நேரம். எல்லாரும் எழுந்து நின்றார்கள். அண்ணன் அதற்கென்று பழகிவைத்திருந்த இசையைத் தொடங்கினான். பெண் பத்து அடி நடந்திருப்பாள். கீபோர்டு நின்றது. டிரம்ஸ் மட்டும் கொஞ்ச தூரம் தனியாகப் போய், அதுவும் நின்றது. பெண் நடுவழியில் அப்படியே நின்றுவிட்டாள். அண்ணன் பின்பக்கத்தை ஆட்டினான், ஒரு குத்து விட்டான். உயிர் வந்தது. சத்தம் முழுதும் ஏறி, வேறேதோ தாளம் ஒன்று தானாகவே ஓட ஆரம்பித்தது. "டேய், சர்க்கஸு வந்துருச்சுடா" என்று பின்னால் யாரோ கத்தினார்கள். மண்டபம் சிரித்தது. மறுபடியும் செத்தது. மறுபடியும் குத்தினான். ஒவ்வொரு குத்துக்கும் ஒரு சிரிப்பு.

பெண்ணின் அம்மா அபசகுனம் என்று சத்தமாகவே அழுதார். பெண்ணின் அப்பா மேடையில் ஏறினார். அவர் வாயைத் திறப்பதற்குள், அவரைச் சமாதானப்படுத்த, மாஸ்டர் திரும்பி அண்ணனின் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். மைக் திறந்திருந்தது. அந்தச் சத்தம் நான்கு ஸ்பீக்கரிலும் வந்தது.

"ரோசாக் ஆன, கெட்டுப்போன சாமானைத் தூக்கிக்கிட்டு மேடைக்கு வாரியா? எறங்குடா கீழ."

அண்ணன் கண்ணில் தண்ணீர் வந்ததைப் பார்த்தேன். எனக்கு வயிற்றுக்குள் இதமாக இருந்தது. இன்னொரு அறை விழுந்தால் நன்றாக இருக்கும் என்று காத்திருந்தேன். நடுவழியில் நின்ற அந்தப் பெண்ணும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். அவள் முகத்தில் மை கரைந்து வழிந்தது. அதைப் பற்றி நான் அன்றைக்கு நினைக்கவே இல்லை. கேசரியை முடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் கீபோர்டைக் கட்டிலில் வைத்தான், சாட்டின் துணியைப் போர்த்தினான். முகம் கழுவினான். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அண்ணியைக் கூப்பிட்டான். குரல் உயரவே இல்லை.

"காலையில இதை எதுல தொடச்ச?"

"துணியிலதாங்க."

"காஞ்ச துணியா, ஈரத்துணியா?"

"நுனிய மட்டும் லேசா நனைச்சேன். குங்குமம் ஒட்டியிருந்துச்சு, அதான்..."

அவன் என் பக்கம் திரும்பினான். "ஏய், நீ சொல்லு. நீதானே வேலை தெரிஞ்சவ. தண்ணி பட்டா இது இப்படி ஆவுமா?"

அண்ணி என்னைப் பார்த்தார். நல்ல பதில் வரும் என்று எதிர்பார்க்கிற பார்வை. லேசான ஈரத்தில் ஒன்றும் ஆகாது என்று சொல்ல எனக்குத் தெரியும். அதைச் சொன்னால், பிறகு எதனால் ஆனது என்று அடுத்த கேள்வி வரும். திறந்து பார்ப்பான். சீனக் கடையில் காட்டுவான்.

"தண்ணி பட்டா ஆவும் அண்ணே" என்றேன்.

அவன் அண்ணியை அடிக்கவில்லை. கீபோர்டை எடுத்து அவர் கைகளில் வைத்தான். "பிடிச்சுக்கிட்டு நில்லு. கைய நீட்டி. கீழ விட்டேன்னா தெரியும்." கனமான சாமான் அது. இரண்டு பேர் சேர்ந்து தூக்குவோம். அண்ணி அறை நடுவில் நின்றார். அண்ணன் அம்மாவிடம் சாப்பாடு போடச் சொன்னான். அம்மா போட்டார். அவன் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டான். கல்யாண வீட்டில் அவன் சாப்பிட்டிருக்கவில்லை. அண்ணியின் கைகள் முதலில் நடுங்கின, அப்புறம் தோள்கள், அப்புறம் தாடை. நான் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். அம்மா ஒரு தடவை, "போதும்ப்பா, சாமான் விழுந்துறப் போவுது" என்றார். சாமானைப் பற்றித்தான் சொன்னார். அவன் கை கழுவிவிட்டு வந்து, ஒரு சிகரெட்டும் முடித்த பிறகே அதை வாங்கிக்கொண்டான். அண்ணிக்குக் கைகளை மடக்க முடியவில்லை. நீட்டியபடியே தரையில் உட்கார்ந்தார். எண்ணெய் சூடாக்கிக்கொண்டு போக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. போகவில்லை. அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்குமே.

மறுநாள் திங்கட்கிழமை காலை, அண்ணியின் துணிகளை ஒரு பையில் போட்டு, ஊருக்கு பஸ் ஏற்றிவிட அவரைக் கூட்டிக்கொண்டு கிளம்பினான். "கொஞ்ச நாளு அப்பா வீட்டுல இருந்துட்டு வரட்டும்" என்று அம்மா பக்கத்து வீட்டுக்குச் சொன்னார். அண்ணி செருப்பு மாட்டும்போது என்னைப் பார்த்து, "சோத்த மேசைல மூடி வச்சிருக்கேன், எடுத்துட்டுப் போ" என்றார்.

எனக்கு மத்தியான ஷிப்ட். அம்மா வேலைக்குப் போயிருந்தார். அவர்கள் தெருமுனை திரும்பியதும் நான் கீபோர்டைக் கவிழ்த்தேன். திருகாணிகளைக் கழற்றி, பொய் ஒட்டை உருக்கி எடுத்து, அழுக்கைச் சுரண்டி, உலோகத்தைச் சூடாக்கி, ஈயம் காலைச் சுற்றி ஏறும் வரை பிடித்து, ஆடாமல் ஆறவிட்டேன். சாமான் நன்றாகிவிட்டால் அவன் கோபம் இறங்கும், இரண்டு மூன்று நாளில் அண்ணியைக் கூட்டிவருவான், எல்லாம் பழையபடி ஆகும் என்று கணக்குப் போட்டேன். என் வாழ்க்கையில் நான் வைத்த மிகச் சுத்தமான ஒட்டு அதுதான்.

நான் ஷிப்டுக்குக் கிளம்புமுன் அவன் திரும்பி வந்தான். சட்டையைக் கழற்றாமலே கீபோர்டுக்குக் கரண்ட் கொடுத்தான். பாடியது. ஒரு பாட்டு, இரண்டு, மூன்று. பின்பக்கத்தை ஆட்டிப் பார்த்தான். நிற்கவில்லை. அப்போது அம்மாவும் வேலையிலிருந்து வந்துவிட்டார்.

"பாத்தீங்களாம்மா. அவ வாசப்படி தாண்டுனா, இது பாடுது."

அம்மா கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். "எனக்கு மொதல்லருந்தே மனசுல பட்டுச்சுப்பா" என்றார்.

"தண்ணி காஞ்சிருக்கும் அண்ணே" என்றேன் நான். "அதான் வேலை செய்யுது. இனிமே ஒன்னும் ஆவாது. அண்ணிய கூட்டியாந்துடலாம்."

"காஞ்சது தண்ணி இல்ல. போனது தரித்திரம்" என்றான்.

அன்று வெள்ளிக்கிழமைகூட இல்லை. அம்மா சூடம் ஏற்றி, கீபோர்டுக்கு மூன்று சுற்றுச் சுற்றினார். அந்தச் சூடத்தைப் பார்த்துக்கொண்டே நான் செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். பத்து நிமிடம் பேசியிருந்தால் போதும். அந்தப் பத்து நிமிடத்தை அன்றைக்கு எனக்குத் தர முடியவில்லை, மறுநாளும் முடியவில்லை, பிறகு அது நாளாகிப்போன விஷயமாகிவிட்டது. மாஸ்டர் அண்ணனை மறுபடி குழுவில் சேர்த்துக்கொண்டார். அண்ணி தரித்திரமாகிப்போன கதையை அண்ணன் எல்லாரிடமும் சொன்னான். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் என்னைக் காட்டி, "கேட்டுப் பாரு, வேலை தெரிஞ்சவளே சொன்னா" என்பான்.

நான்கு மாதம் கழித்து ஒரு ஞாயிறு, தோழி வீட்டுக்கு என்று பொய் சொல்லிவிட்டு, பஸ் மாறிப் பாகான் செராய்க்குப் போனேன். அண்ணி அப்பா வீட்டுத் திண்ணையில் இருந்த தையல் மெஷினில் யாருக்கோ பாவாடை தைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "விரலு எப்படி இருக்கு?" என்றார். காப்பி கலக்கினார். அவர் காப்பியை ஆற்றிக்கொண்டிருக்கும்போதே நான் எல்லாவற்றையும் சொன்னேன். பொய் ஒட்டு, எதற்காக வைத்தேன், திங்கட்கிழமை திருத்தி வைத்தது, எல்லாம்.

அவர் ஆற்றுவதை நிறுத்தவில்லை. கிளாஸை என் முன்னால் வைத்தார்.

"நீ ஆட்டுனத நான் பாத்தேன் புள்ள. ஏன் ஆட்டுறன்னு கேட்டேன்ல?" என்றார். "அன்னிக்கு அவரு ஒன்னைத் தண்ணி பட்டா ஆவுமான்னு கேட்டப்ப, ‘ஆவும்’னு சொன்ன பாரு. அப்பவே எனக்குத் தெரிஞ்சிருச்சு."

"ஏன் அண்ணி சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு நெனச்சேன்."

வெளியே வயலில் யாரோ எந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் என் எதிரில் உட்கார்ந்தார். பிறகு சொன்னார்:

"எங்கப்பா என்னை நம்பல, தெரியுமா? ஈரத்துணியில தொடச்சதுக்கு ஒருத்தன் பொண்டாட்டிய அனுப்புவானா, நீ வேற என்னமோ பண்ணியிருக்கன்னு சொல்றாரு. ஊருலயும் அதான் பேச்சு. அறுப்புக் காலம், இன்னிக்கும் மில்லு இருக்கு. அஞ்சு மணிக்கு வந்துருவாரு. நீ இப்ப எங்கிட்ட சொன்னத அவருகிட்ட சொல்லிட்டுப் போ. வேற ஒன்னும் வேணாம் எனக்கு. ஒங்கண்ணன்கிட்டகூட சொல்ல வேணாம்."

"சொல்றேன் அண்ணி" என்றேன்.

நாலரை மணிக்கு மழை பிடித்தது. கொடியில் துணி கிடந்தது. அண்ணி வாளியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் ஓடினார். அவருடைய அப்பாவை நான் கல்யாணத்தில் பார்த்திருக்கிறேன், பெரிய கைகள். அவர் கேட்பார், அதன் பிறகு ஈப்போவுக்கு வருவார், அண்ணனிடம் கேட்பார். நான் பையை எடுத்துத் தோளில் மாட்டினேன். முன்வாசல் வழியாக இறங்கி, வாய்க்கால் ஓரமாக மெயின் ரோட்டுக்கு நடந்தேன். பாதி வழியில் பின்னாலிருந்து அவர் கூப்பிட்டது கேட்டது. "புள்ள! புள்ள, நில்லு!" மூன்று தடவை கூப்பிட்டார். மழை சத்தத்தில் கேட்காதது போல நடந்தேன். பஸ் வந்தது, ஏறிவிட்டேன். முழுக்க நனைந்திருந்த என்னைப் பார்த்து ஒரு மலாய்க்கார அம்மா தன் துண்டைத் தந்தார்.

அவர்களுடைய கல்யாணம் கோயிலில் நடந்தது, சட்டப்படி பதிவு செய்யவில்லை. அதனால் அண்ணன் எங்கும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கவில்லை. ஒன்றரை வருடத்தில் அம்மா அவனுக்கு வேறு பெண் பார்த்தார். அந்தக் கல்யாணத்திலும், நாத்தனார் என்கிற முறையில், தாலியின் மூன்றாவது முடிச்சை நான்தான் போட்டேன். முதல் அண்ணியைப் பற்றி அப்புறம் ஒரே ஒரு செய்தி வந்தது. அப்பா வீட்டிலும் இருக்க முடியாமல் பட்டர்வொர்த் பக்கம் ஏதோ தையல் கடைக்குப் போய்விட்டார் என்று. உண்மையா என்று நான் விசாரிக்கவில்லை.

இரண்டாவது அண்ணி சின்னப் பெண், என்னைவிட இளையவள். முறைக்காக நான்தான் அவளை அண்ணி என்று கூப்பிட்டேன். கீபோர்டு இருக்கிற அறைக்குள் அவள் பயந்து பயந்துதான் நுழைவாள். கட்டிலுக்குப் பக்கத்தில் போகும்போது சேலைத் தலைப்பைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொள்வாள். ஒரு சனிக்கிழமை நாங்கள் இருவரும் அடுப்படியில் நெத்திலி சுத்தம் செய்துகொண்டிருந்தோம். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"மொத அக்கா தொட்டதாலதான் கீபோர்டு ரோசாக் ஆச்சாமே. அவங்க போனதும் தானா நல்லாயிருச்சாமே. நெசமா?"

"எனக்குத் தெரியாது அண்ணி. நான் அன்னிக்கு வேலைக்குப் போயிருந்தேன்."

"அந்தக் கல்யாணம் ஞாயித்துக்கெழமைன்னு சொன்னாங்க?"

"ஞாயித்துக்கெழமையும்தான் வேலை" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு அடுத்த மீனை எடுத்தாள்.